கிளிக் இல்லாமல் எட்டுப் பாட்டு

மென்பொருளுக்குக் காது என்று ஒன்று இருந்திருந்தால் சிடு அன்றைக்கு அதைப் பிடித்துத் திருகியிருப்பாள். ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள். இந்தப் பாட்டின் வேகம் என்ன, கண்டுபிடித்துச் சொல், அவ்வளவுதான் கேள்வி. முதல் தடவை நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு தாள அடி என்றது. அடுத்த தடவை தொண்ணூற்றைந்து என்றது. அதற்கடுத்த தடவை வெகுநேரம் யோசித்துவிட்டு, கண்டுபிடிக்க இயலவில்லை, மன்னிக்கவும் என்று ஒரு சின்னக் கட்டத்தில் எழுதிக் காட்டியது.

“மன்னிப்பு வேற கேக்குதா? நல்லா இருக்கு போ!” என்றாள் சிடு, யாருமே இல்லாத அறையில்.

சிடு என்பது சிடுமூஞ்சியின் சுருக்கம். சின்ன வயதில் அண்ணன் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கியில் மட்டும்தான் புழங்கியது. மற்ற எல்லோருக்கும், கட்டிய புருஷன் உட்பட, அவள் சிடுதான். எரிச்சலும் அவளோடு கூடப் பிறந்தது, அண்ணனும் கூடப் பிறந்தவன். இரண்டில் எது பெரிய தொல்லை என்று கேட்டால் அவளால் சட்டென்று சொல்ல முடியாது.

ஒலிப்பதிவுக்கூடம் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருந்ததே தவிர, அது டயர்க்கடைக்கு மேலே இருந்த ஓர் ஒற்றை அறை. சுவரெல்லாம் பழைய கம்பளி அடித்து, ஜன்னலைப் பலகையால் மூடி, கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தாள். இவ்வளவும் செய்தும், கீழே டயரிலிருந்து இரும்பு வளையத்தைத் தட்டிக் கழற்றும் சுத்தியல் சத்தம் மட்டும் எந்த வழியாகவோ மேலேறி வந்துகொண்டிருந்தது.

குழு அண்ணனுடையது. அண்ணன் கீபோர்டு. அண்ணி பாடுவாள். சிடுவின் புருஷன் டிரம்ஸ். ஒரு கிடார்க்காரரும் உண்டு. அவர் இந்தக் கதையில் வாயைத் திறக்க மாட்டார், நிஜத்திலும் அப்படித்தான். போன மாதம் விடுமுறையில் ஒரு பள்ளிக்கூட அரங்கைப் பிடித்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் வாசித்துப் பதிவு செய்தார்கள். பதிவு செய்தவள் சிடு. அன்றைக்கே அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். எல்லோர் காதிலும் கிளிக் வைத்துவிடுகிறேன், அந்த டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசித்தால் பாட்டு தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே வேகத்தில் போகும், பிறகு என்ன சேர்க்க வேண்டும் என்றாலும் சுலபமாகச் சேர்த்துவிடலாம் என்று கெஞ்சாத குறை.

கேட்டது யார்? புருஷன்தான் முதல் ஆளாக ஹெட்போனைக் கழற்றி டிரம் மேல் வைத்தான்.

“இந்த டிக் டிக் காதுல இருந்தா எனக்குக் கை வராது. இது இருந்தா நான் வாசிக்கலை.”

பல வருஷமாய் டிரம்ஸ் அடிக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? கிடார்க்காரர் கூட நிமிர்ந்து பார்த்தார். அண்ணன், “திமிரைப் பாத்தியா உன் புருஷனுக்கு!” என்று அவளிடமே சொன்னான். அவளுக்கு மானமே போனது. கடைசியில் கிளிக் இல்லாமலேதான் எட்டுப் பாட்டும் பதிவானது.

பதிவைக் கேட்டதும் அண்ணனுக்கு ஆசை பிறந்தது. பின்னால் ஒரு வயலின் கூட்டம் வேண்டும், அங்கங்கே மணிச் சத்தம் வேண்டும். மென்பொருளுக்குள் இருக்கிற வயலின் கூட்டம் சம்பளம் கேட்காது, சாப்பாடு கேட்காது, ஆனால் நாம் சொல்லிக் கொடுத்த ஒரே வேகத்தில்தான் வாசிக்கும். சிடு முதல் பாட்டுக்கு அதை வைத்துப் பார்த்தாள். பல்லவியில் சேர்ந்து கிளம்பினார்கள். முதல் சரணத்தில் வயலின்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். அடுத்த பல்லவியில் பாட்டு அவர்களைத் துரத்தியது. அதற்கப்புறம் யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதைக் கேட்க அண்ணன் நேரில் வந்தான். முழுக்கைச் சட்டை, வலது கை மட்டும் பட்டன் போடாமல் மடித்து விட்டிருந்தது. கொஞ்ச நாளாய் அதுதான் அவனுடைய ஸ்டைல். சுழல் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டு, கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொன்னான்.

“ஓடுறான் பாரு. பல்லவி வந்தா போதும், பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுறான். நான் எத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்?”

புருஷனுக்கு ‘ஓட்டக்காரன்’ என்று பட்டப்பெயர் வைத்ததும் அண்ணன்தான். பட்டப்பெயர் வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“டிரம்ஸை மொத்தமா எடுத்துடு,” என்றான். “மெஷின் டிரம்ஸ் போடு. நேரா இருக்கும். நான் மேல கீபோர்டைத் திரும்ப வாசிச்சுத் தர்றேன், உன் அண்ணி திரும்பப் பாடிடுவா. அடுத்த மாசம் நிகழ்ச்சிக்கும் மெஷினே போதும்.”

“அப்போ அவரு?”

“மாப்ளை வீட்டுல இருக்கட்டும். நான் என்ன குடும்பத்தை விட்டா தள்ளி வைக்கிறேன்? குழுவுல மட்டும் வேணாங்கறேன்.” எழுந்து கதவருகே போனவன், திரும்பிப் பார்த்து, “நீயே பக்குவமா சொல்லிடு சிடு. நான் சொன்னா மனசுல வெச்சுக்குவான்,” என்றான்.

சிடுவுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த மவுஸை அவன் முதுகைப் பார்த்து எறிந்திருப்பாள். வயர் இருந்ததால் எறியவில்லை. அந்த மனுஷனுக்கு இந்தக் குழுவை விட்டால் வேறு உலகமே கிடையாது. பகலெல்லாம் ஒரு மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கிவிட்டு, சாயங்காலம் ஒத்திகை என்றால் முகம் மலர்ந்து குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவன். அவனிடம் போய், உங்க இடத்துல மெஷினை உட்கார வெச்சாச்சு என்று பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம். எப்படிச் சொன்னால் அது பக்குவம்?

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு,” என்றாள். “மென்பொருளைப் பாட்டு பின்னாடி போக வெச்சுக் காட்டறேன். வயலின் சரியா உக்காந்துட்டா டிரம்ஸை எடுக்கக் கூடாது.”

“வெள்ளிக்கிழமை நான் கீபோர்டோட வருவேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் போனான்.

மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்காது என்று ஆகிவிட்டது. இனிக் கையால்தான். ஒவ்வொரு தாளச் சுற்றும் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட வேண்டும். பாட்டைக் கேட்டுக்கொண்டே விரலால் விசையைத் தட்ட வேண்டும். பிறகு திரையில் ஒலி அலையைப் பெரிதாக்கி, தட்டியது முன்னே பின்னே இருந்தால் நகர்த்த வேண்டும். இந்தச் சுற்று தொண்ணூற்றாறு, அடுத்தது தொண்ணூற்றைந்தே முக்கால் என்று சுற்றுக்கு ஒரு வேகமாக மென்பொருளுக்கு ஊட்டிவிட வேண்டும். குழந்தைக்குச் சோறு ஊட்டினாலும் ஒரு கட்டத்தில் வயிறு நிறையும். இரண்டு தடவை அவள் விரல் பாட்டை விட்டுவிட்டு டயர்க்கடைச் சுத்தியலோடு போய்விட்டது, அத்தனையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வசவு விழுந்தது. கிளிக் கண்டுபிடித்தவன் என்ன முட்டாளா? காதில் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோயிருக்கும்? கட்டின பெண்டாட்டி கெஞ்சுகிறாளே என்றாவது வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? இப்போது குழுவில் அவன் இடத்தைக் காப்பாற்றவே அவள் கண் அவிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவனோ ஒன்றும் தெரியாமல் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் மத்தியானம் பாட்டு முடியும்போது திரையின் மேல்பக்கம் வேகம் ஒரு கோடாக விழுந்து நின்றது. கோடா அது? தொண்ணூற்றாறில் தொடங்கி, பல்லவி முடியும் இடத்தில் சரிந்து எண்பத்தொன்பதுக்கு வந்து, மெல்ல ஏறி, அடுத்த பல்லவியில் தொண்ணூற்றொன்பதைத் தொட்டு, மறுபடி அதே இடத்தில் சரிந்து. அப்படியானால் அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஓடுகிறான். இழுக்கவும் செய்கிறான்.

அந்நேரம் பார்த்து அண்ணி டீ பிளாஸ்க்கோடு வந்தாள். குழுவில் சிடு எரிந்து விழாத ஒரே ஆள் அண்ணி. இரண்டு பேரும் பிளாஸ்க் மூடியிலும் ஒரு டம்ளரிலுமாக டீ ஊற்றிக்கொண்டார்கள்.

“இது என்ன சிடு, ஆஸ்பத்திரில காட்டற கோடு மாதிரி இருக்கு?”

“எல்லாம் என் வீட்டுக்காரர் லட்சணம்தான் அண்ணி. இங்க பாருங்க, ஒவ்வொரு தடவையும் இதே இடத்துல படுத்துடறாரு.”

“எது, பல்லவி முடிஞ்சு சரணத்துக்குத் திரும்பற இடமா?” அண்ணி அந்த இடத்தை மெல்லப் பாடிப் பார்த்தாள். “அங்கதானே உங்கண்ணன் இடது கையை அகல விரிப்பாரு. எனக்கு அந்த இடம் வந்தா நிம்மதி, மூச்சு எடுத்துக்க நேரம் கிடைக்கும்.” டீயை ஊதினாள். “அந்தக் கையை வெச்சுக்கிட்டுத்தான் வீட்டுல ஒரே கொஞ்சல். வலது கைப் பட்டனை நான் போட்டு விடணுமாம். காலைல அடுப்புல வேலையா இருக்கும்போது கையை நீட்டிக்கிட்டு வந்து நிப்பாரு. எனக்கு நேரம் இல்லேன்னா மடிச்சு விட்டுக்கிட்டுப் போயிடுவாரு. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்போ என்ன ரொமான்ஸ், சொல்லு?”

சிடு டீயைக் கீழே வைத்தாள்.

வலது கைப் பட்டனை இடது கையால்தான் போட முடியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சி முடிந்து சாமான் ஏற்றும்போது, காற்றடித்து வேன் கதவு சாத்திக்கொண்டதில் அண்ணனின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் நசுங்கின. கட்டுப் போட்டுப் பிரித்ததும், பழையபடி ஆகிவிட்டது என்று எல்லோரிடமும் விரலை ஆட்டிக் காட்டினான். அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. அவனே நினைத்த மாதிரி தெரியவில்லை.

அண்ணி போனதும் சிடு கீபோர்டின் அலையையும் டிரம்ஸின் அலையையும் மேலும் கீழுமாக வைத்துப் பெரிதாக்கினாள். இத்தனை நேரம் டிரம்ஸை மட்டுமே பார்த்துக் கோடு போட்டிருந்தாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், தாளம் என்றால் டிரம்ஸ்தானே. இப்போது பார்த்தால், அந்த இடத்தில் இடது கைச் சுரம் தாமதமாகத்தான் வந்து விழுந்தது. டிரம்ஸ் அதற்காகக் காத்திருந்தது. காத்திருந்தது கூட இல்லை, அதற்கு ஒரு சுற்று முன்பிருந்தே மெல்லத் தன் நடையைக் குறைத்து, அந்தக் கை வந்து சேர இடம் விட்டிருந்தது. கை தாண்டியதும் மெல்லக் கூட்டி, சுலபமான பல்லவியில் கொஞ்சம் விரட்டி, பாட்டு தொய்ந்தது யாருக்கும் தெரியாமல் கொண்டுபோயிருந்தது. அண்ணன் காதுக்கு அந்த விரட்டல் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

நம்பாமல், இதே பாட்டின் பழைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்தாள். வேன் கதவுக்கு முந்தையது, அதுவும் கிளிக் இல்லாமல் வாசித்தது. மென்பொருள் ஒரே மூச்சில் தொண்ணூற்றாறு என்று சொல்லிவிட்டது. கோடு தரையில் கிடத்திய கம்பி மாதிரி கிடந்தது.

“அடப்பாவி மனுஷா,” என்றாள் சிடு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது புருஷன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல், கைப்பேசியில் வேகம் காட்டும் செயலியைத் திறந்து, அடுப்பு மேடையில் நைசாக வைத்தாள். டக் டக் டக் டக். நூற்றுப் பத்து. வெங்காயம் சின்னதாகி விரல் நுனிக்கு வந்தது, நூற்றுப் பத்து. அடுத்த வெங்காயத்துக்கு மாறினான், நூற்றுப் பத்து. கண்ணில் தண்ணீர் வழிய மூக்கை உறிஞ்சினான், அப்போதும் நூற்றுப் பத்து.

“யோவ்,” என்றாள்.

கத்தி நின்றது. பொதுவாக அவள் என்னங்க என்றுதான் கூப்பிடுவாள். யோவ் என்றால் விஷயம் பெரிது என்று அவனுக்குத் தெரியும்.

“அண்ணன் கையில எப்போலேர்ந்து கோளாறு?”

அவன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். “வெங்காயம் ரொம்பக் காரம்.”

“வெங்காயத்தை விடுங்க. அவர் கை வந்து சேர்ற வரைக்கும் நீங்க வேகத்தைக் குறைக்கறீங்க. கிளிக் காதுல இருந்தா குறைக்க முடியாது, அதான் அன்னைக்கு எல்லார் முன்னாடியும் ஹெட்போனைக் கழட்டி வெச்சீங்க. எனக்கு மானம் போச்சேய்யா! பெண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?”

“சொல்லியிருந்தா நீ மூஞ்சில காட்டியிருப்பே.” அவன் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். “அவருக்கே தெரியாது சிடு. நான் கூடப் போயிடறதால அவருக்குத் தான் தாமதமா வர்றதே தெரியறதில்லை. தெரிஞ்சா கீபோர்டை மூடி வெச்சுடுவாரு. உங்கண்ணனைப் பத்தி உனக்குத் தெரியாதா? அரைகுறையா வாசிக்கிறதுக்கு வாசிக்காமலே இருப்பேன்னு போயிடுவாரு.”

“அவரு உங்களையே தூக்கப் போறாரு. டிரம்ஸை எடுத்துட்டு மெஷின் போடச் சொல்லிட்டாரு. நிகழ்ச்சிக்கும் மெஷின்தான்.” பக்குவமாவது ஒன்றாவது, அப்படியே போட்டு உடைத்துவிட்டாள்.

அவன் கத்தியை எடுத்து, மிச்ச வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினான். கைப்பேசியில் எண் எழுபதுக்கும் நூற்று முப்பதுக்கும் தாவியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“சரி,” என்றான். “ஆனா நீ சொல்லக் கூடாது. எனக்காக.”

“தியாகிப் பட்டம் யாருக்கு வேணும் இங்க? ஓட்டக்காரன் ஓட்டக்காரன்னு அவரு கூப்பிடும்போதெல்லாம் பல்லைக் காட்டிட்டு நின்னீங்களே! கல்லுளிமங்கன்! நான் எதையும் சொல்ல மாட்டேன். போதுமா? வெள்ளிக்கிழமை அவர் சொன்னதை அப்படியே செய்யறேன்.”

அப்படியே செய்தாள். வெள்ளிக்கிழமை அண்ணன் கீபோர்டோடு வந்தபோது, கோடு போட்ட கதையை அவள் பேச்சுக்குக் கூட எடுக்கவில்லை.

“முடியலையா? நான்தான் சொன்னேனே,” என்றான் அண்ணன், வெற்றியை மறைக்காமல். “மாப்ளைகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லியாச்சு. சாயங்காலம் வந்து, இங்க இருக்கற பழைய சிம்பல் தட்டை எடுத்துட்டுப் போறேன்னாரு.”

அண்ணன் முகம் ஒரு நிமிஷம் வாடியது. உடனே ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அண்ணி சுவரோரம் பாய் போட்ட பெஞ்சில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிடு மெஷின் டிரம்ஸை ஓட விட்டாள். தொண்ணூற்றாறு, பிசகே இல்லாமல், ஒரு சுற்று போல அடுத்த சுற்று.

பல்லவி அழகாகப் போனது. திரும்பும் இடத்தில் இடது கை விரிந்தது, மெஷின் நிற்காமல் போய்விட்டது, அண்ணன் தடுமாறி நிறுத்தினான்.

“நாற்காலி உயரம் சரியில்ல,” என்றான்.

நாற்காலியை ஏற்றினாள். மறுபடி. அதே இடம். ஹெட்போன் இறுக்குகிறதாம், தளர்த்திக் கொடுத்தாள். மறுபடி அதே இடம். கீழே சுத்தியல் சத்தம் கவனத்தைக் கலைக்கிறதாம். அவளே மாடிப்படி இறங்கிப் போய், டயர்க்கடைக்காரரிடம் கால்மணி நேரம் கேட்டு வாங்கி வந்தாள். சுத்தியல் நின்ற அறையில் மெஷின் இன்னும் தெளிவாகக் கேட்டது. அதே இடத்தில் அவன் இன்னும் தெளிவாக விழுந்தான்.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் அடித்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

“உன் மெஷின் ஓடுதுடி!” என்று கத்தினான். “நல்லா கவனி. அந்த இடம் வந்தா ஓடுது!”

அண்ணி சிடுவைப் பார்த்தாள். சிடுவுக்கு வாய் வரை வந்த சிரிப்பு, அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் கேட்டது.

“இரு, சரி பண்றேன்,” என்றாள்.

கையால் ஒவ்வொரு சுற்றாக அவள் ஊட்டி வைத்திருந்த அந்தக் கோட்டைத் திறந்து, மெஷினை அதன் பின்னால் போக வைத்தாள். அதே மெஷின், அதே சத்தம். நடை மட்டும் புருஷனுடையது.

அண்ணன் வேண்டாவெறுப்பாகத் தொடங்கினான். திரும்பும் இடம் வந்தது. மெஷின் மெல்ல இடம் விட்டது. இடது கை விரிந்து, கீழ்ச் சுரத்தைத் தொட்டு, நிதானமாக மடங்கி வந்து சேர்ந்தது. அவன் தோள் தளர்ந்தது. அடுத்த சரணம், அதற்கடுத்தது. பாட்டு முடியும் வரை ஓர் இடத்தில் கூட அவன் நிற்கவில்லை. அண்ணி தன்னையறியாமல் பெஞ்சிலிருந்தே கூடப் பாடிவிட்டாள்.

“பாத்தியா!” அண்ணன் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான். “மெஷினைச் சரி பண்ணினதும் எப்படிப் போச்சு பாத்தியா? இதுதான் நேர்னு பேரு. இப்படி ஒரு ஆள் எனக்குப் பின்னாடி உக்காந்து அடிச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன் சிடு.”

சிடு பதிவானதைச் சேமிப்பதில் மும்முரமானாள். வாக்குக் கொடுத்திருந்தாள்.

“என்ன வேகத்துல வெச்சே? அந்த எண்ணைச் சொல்லு. நிகழ்ச்சிக்கும் அதேதான் வேணும்.”

“ஒரு எண் இல்லண்ணா.”

“ஒரு எண் இல்லேன்னா?”

“சுத்துக்கு ஒண்ணு.” அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். “மொதல்ல வெச்சிருந்தேனே, ஓடுதுன்னியே, அதுதான் நேர். ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் தொண்ணூத்தாறு. இது இங்க குறையும், இங்க ஏறும், இங்க மறுபடி குறையும்.”

அண்ணன் அந்த வளைந்த கோட்டை ரொம்ப நேரம் பார்த்தான். எங்கே குறைகிறது என்று விரலை வைத்துப் பார்த்தான். அந்த இடத்தை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

“இதை யார் போட்டது?”

“நான் போடலை. நான் எடுத்து எழுதினதோட சரி. போன மாசம் அரங்கத்துல உனக்குப் பின்னாடி உக்காந்திருந்தவரு போட்டது.”

கீழே கால்மணி நேரம் முடிந்து சுத்தியல் மறுபடி தொடங்கியது. அண்ணன் இடது கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். கடைசி இரண்டு விரலையும் மடக்கினான், முழுவதும் மடங்கவில்லை. நீட்டினான், முழுவதும் நீளவில்லை. அண்ணி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள், அவள் கண் அவனுடைய மடித்து விட்ட வலது கைச் சட்டையில் இருந்தது.

“எப்போலேர்ந்து?” என்றான்.

“வேன் கதவுலேர்ந்து.”

“ரெண்டு வருஷமா?” அண்ணன் குரல் உடைந்தது. “ரெண்டு வருஷமா அவனை நான் என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டிட்டிருக்கேன்!”

சிம்பலை எடுத்துப்போக வந்த புருஷன் கதவைத் திறந்தபோது மூன்று பேரும் திரையைச் சுற்றியே இருந்தார்கள். திரையைப் பார்த்தான், அதிலிருந்த கோட்டைப் பார்த்தான், சிடுவை முறைத்தான்.

“நான் வாயே திறக்கலைப்பா,” என்றாள் சிடு. “எண் கேட்டாரு. சொன்னேன்.”

“மச்சான், அது வந்து, அன்னைக்கு எனக்கே கொஞ்சம் உடம்பு சரியில்ல, அதான் வேகம் அங்கங்க…” என்று அவன் தொடங்கினான். பொய் சொல்லக் கூட ஒழுங்காக வராத மனுஷன்.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தான். அவனுக்கு நேராகப் போய் நின்று, வலது கைச் சட்டையின் மடிப்பை உதறிப் பிரித்துவிட்டு, மணிக்கட்டை அவன் முன்னால் நீட்டினான்.

“பட்டனைப் போட்டு விடு மாப்ளே,” என்றான். “எனக்குப் போட வரலை.”

புருஷன் இரண்டு கையாலும் பட்டனைப் போட்டான். துளை இறுக்கமாக இருந்ததில் அதற்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. அண்ணன் கையை இழுத்துக்கொள்ளாமல் காத்திருந்தான்.

“நிகழ்ச்சிக்கு மெஷின் வேணாம்,” என்று அவளைப் பார்க்காமலே சொன்னான் அண்ணன். “பதிவுலயும் டிரம்ஸ் அப்படியே இருக்கட்டும். ஆனா வயலின் வேணும் சிடு. இப்போ செஞ்சியே, அதே மாதிரி எல்லாப் பாட்டுக்கும் கோடு போட்டுடு.”

சிடு தலையில் கை வைத்துக்கொண்டாள். இன்னும் ஏழு பாட்டு பாக்கி இருந்தது.